மாத்திரைக்குப் பிறகு ஒரு கேள்வி

1. கைவண்டியில் வந்தவன்

கைவண்டியில் கோணி மூட்டை வரும், எண்ணெய் டின் வரும். அன்றைக்கு ஒரு பையன் வந்தான். சட்டையும் டிராயரும் கடல் தண்ணீர் சொட்ட, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு வண்டிப் பலகையில் சுருண்டு கிடந்தான். பதினாறு பதினேழு வயதிருக்கும். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் எங்களில் யாரையும் அவன் பார்க்கவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவனுடைய தாய்மாமன் வேலாயுதம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கேங்கில் வேலை செய்கிறவர். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். ராயபுரம் கடற்கரையில் உச்சி வெயிலில் பையன் தனியாக நின்றிருக்கிறான். துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் ஒன்று சங்கு ஊதியிருக்கிறது. உடனே இவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டான். முதலில் இடுப்பளவு, அப்புறம் மார்பளவு, அப்புறம் கழுத்தளவு. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லை. கட்டுமரத்தை இறக்கித்தான் பிடித்து இழுத்து வந்தார்களாம்.

"செருப்ப ஜோடி சேத்து அழகா வெச்சிட்டு எறங்கிகிறான் நர்ஸம்மா," என்று வேலாயுதம் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நான் அப்போது தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நர்ஸ். பெயர் திரேசா. ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. நர்ஸ் என்றால் நர்ஸ் மட்டும் இல்லை. கம்பவுண்டர் வராத நாளில் மிக்சர் கலக்குவதும் நான்தான், வெளியே வரிசையில் சண்டை வந்தால் விலக்குவதும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தப் பேட்டையில் வாயில்லாதவளை ஊசிகூடப் போடவிட மாட்டார்கள். இப்போது படித்துவிட்டு வரும் நர்ஸ் பெண்கள், மாத்திரையே வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பேஷண்ட்டை என்ன செய்வது என்று என்னைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்தான் முன்னால் வந்து நிற்கிறான். அவன் பெயர் ஏகாம்பரம்.

டாக்டர் ஊசி போட்டு அவனைத் தூங்கவைத்தார். மறுநாள் கீழ்ப்பாக்கத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கீழ்ப்பாக்கம் என்ற பேரைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அங்கே அவனைப் பார்த்த பெரிய டாக்டர் பொறுமையான மனிதர். இந்த வியாதிக்கென்றே புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, குளோர்புரோமசின் என்று பெயர், இதை விடாமல் சாப்பிட்டால் பையன் வீட்டிலேயே இருக்கலாம், சாப்பிடாவிட்டால் உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும் என்று எங்கள் டாக்டருக்குச் சொல்லியனுப்பினார். அதற்கு முன்பெல்லாம் இப்படி வருகிறவர்களுக்குத் தூங்கவைக்கிற மருந்துதான் கொடுப்போம். ஆள் தூங்கி எழுந்தால் வியாதியும் கூடவே எழுந்துகொள்ளும். காதில் கேட்கிற குரலையே அடக்குகிற மருந்து என்று ஒன்றை நான் கண்டது அப்போதுதான்.

"மாத்திரை அவன் வயித்துக்குள்ள போகணும் திரேசா. டப்பால இருந்தா அது வெறும் சுண்ணாம்பு," என்று சொல்லி டாக்டர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

வேலாயுதமும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தபா தண்ணில கால வெச்சான்னா நானே இட்டுகினு போய் கீழ்ப்பாக்கத்துல வுட்டுருவேன். எங்கக்கா அழுதாலும் சரி. பொணமா தூக்கறதுக்கு இது தேவல."

கோபத்தில் சொன்ன மாதிரி தெரியவில்லை. அந்த மனிதருக்கு அவ்வளவு பயம்.

2. அடுத்த கப்பல்

ஏகாம்பரத்தின் அம்மா கன்னியம்மாவை அந்தத் தெருவில் ரங்கூனம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகச் சரக்கு வைக்கிற குடோன் ஒன்றில் கிழிந்த கோணிப்பை தைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் சணல் நூல் அறுத்த தழும்பு. நெற்றியில் மட்டும் எப்போது பார்த்தாலும் அப்போதுதான் வைத்த மாதிரி பெரிய குங்குமப் பொட்டு.

புருஷன் மாணிக்கம் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். யுத்தத்தில் அங்கே குண்டு விழ ஆரம்பித்ததும் நம் ஜனங்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்கள். கப்பலில் பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும்தான் முதலில் இடம் என்றார்களாம். கன்னியம்மாவையும் மடியிலிருந்த குழந்தையையும் ஏற்றிவிட்டு, "நான் அடுத்த கப்பல்ல வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் கரையிலேயே நின்றுவிட்டார். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நடந்தே பர்மாவைத் தாண்டி வந்தவர்கள்கூட எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். மாணிக்கம் வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் ஒரு ஆள் வரவில்லை.

வேலாயுதமும் மற்ற உறவுக்காரர்களும், இத்தனை வருஷமாகிவிட்டது, ஒரு நல்ல நாள் பார்த்துக் கருமாதியைச் செய்து முடித்துவிடலாம் என்று அவளிடம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். செய்தால் அவள் பொட்டை அழிக்கவேண்டும், தாலியைக் கழற்றவேண்டும்.  எழுந்துபோய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாளாம்.

இப்படி இருக்கும்போதுதான் பையன் வேலை செய்த லேத் பட்டறையில் ஒரு நாள், துறைமுகத்துச் சங்கு கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு, "நைனா கூப்புடறாரு" என்று வெளியே போயிருக்கிறான். அவன் அப்பாவை நைனா என்றுதான் சொல்வான். அப்புறம் தினமும் அதுவே. பட்டறை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பூசாரி வந்து மந்திரித்தார், தாயத்து கட்டினார்கள். கடைசியில் கடற்கரை.

வியாதியைப் பற்றிக் கேட்டுக்கொள்ள நான் கன்னியம்மாவிடம் முதல் தடவை உட்கார்ந்து பேசியபோது, மகனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுவாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள். ஆனால் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டேன் பாருங்கள், அவள் முகமே வேறாகிவிட்டது.

"என்னத்தான் கேக்கறாராம் நர்ஸம்மா. கன்னி துன்னாளா, கன்னி தூங்கனாளான்னு கேக்கறாராம். அவரு பேச்சு அப்பிடியேதான் கீது. எனக்கு யாரும் சொல்லாங்காட்டியும் தெரியாதா?"

புதுப்பெண் மாதிரி வெட்கத்தோடு சொன்னாள். 

3. டீயில் கரைத்தது

மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது வேலைக்கு ஆகவில்லை. கன்னியம்மா வந்து, மாத்திரை வேண்டாம், மிக்சர் கொடுங்கள் என்றாள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் மிக்சர்தான் மருந்து. அவரவர் வீட்டுப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவருவார்கள். நாங்கள் சிவப்பு மருந்தை ஊற்றி, வேளைக்கு வேளை எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிப் பாட்டில் மேல் ஒட்டிக் கொடுப்போம். நிறம், வாசனை, கசப்பு மூன்றும் இருந்தால்தான் அது மருந்து. வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை, அதுவும் மேலே சர்க்கரை பூசியது, பதினாறு வயதுப் பையன் காதில் இருக்கிற குரலை என்ன செய்துவிடும்?

வேலாயுதத்துக்குப் பொறுமை இல்லை. மாத்திரையைப் பொடித்து டீயில் போட்டு அவனுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் செய்கிற காரியம்தான். பைத்தியத்துக்கு மருந்தைச் சொல்லிக் கொடுப்பார்களா, சோற்றில் வைத்துத்தானே கொடுக்கணும் என்பார்கள். இந்த மாத்திரையின் குணம் அவருக்குத் தெரியாது. சர்க்கரைப் பூச்சு போனால் உள்ளே எட்டிக்கசப்பு, பட்ட இடமெல்லாம் நாக்கு மரத்துப்போகும். ஒரு வாய் குடித்ததும் பையன் கிளாசைக் கீழே வைத்துவிட்டான். அதிலிருந்து வீட்டில் டீ கிடையாது, அப்புறம் குழம்பு கிடையாது, அப்புறம் சோறே கிடையாது. விஷம் வைக்கிறார்கள் என்று குழாய்த் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தான்.

நான் வேலாயுதத்தைக் கூப்பிட்டு நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்கினேன். பிறகு வீட்டுக்குப் போய் ஏகாம்பரத்திடம் நேராகவே பேசினேன். டீயில் போட்டது மருந்துதான், விஷமில்லை, ஆனால் உன்னிடம் சொல்லாமல் போட்டது தப்பு, இனிமேல் யாரும் போட மாட்டார்கள், நீ சாயங்காலம் டிஸ்பென்சரிக்கு வா, உன் கண்ணெதிரில் டப்பாவைத் திறப்பேன், நீயே எடுத்துப் போட்டுக்கொள், வேண்டாமென்றால் என் மூஞ்சிக்கு நேரே வேண்டாமென்று சொல், என்றேன். 

"மாமா வர்ல இல்ல?" என்றான்.

"மாமாவ நான் வாசலாண்டயே வுடமாட்டேன்."

மறுநாள் வந்தான்.

4. கன்னத்தில் அடக்கியது

மாத்திரை கொடுத்தவுடன் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று சிலர் பரிசோதிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. போலீஸ்காரன் மடியைத் தடவுகிற மாதிரி. நான் செய்வது வேறு. மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பேன், உடனே ஒரு கேள்வி கேட்பேன். ஆமாம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத, நீளமாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வி. மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு யாராலும் நீளமாகப் பேச முடியாது. அதிலும் இந்த மாத்திரை அடக்கியவனை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாள், லேத்தில் இரும்பு கடைவது கஷ்டமா பித்தளை கடைவது கஷ்டமா என்று கேட்டேன். பையன் சந்தோஷமாக ஆரம்பித்தான். இரும்பு சுருள் சுருளாக வரும், பித்தளை பொடிப் பொடியாகத் தெறிக்கும், கண்ணில் அடிக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன், பாதியில் குழற ஆரம்பித்தான். நாக்கு தடித்துவிட்டது. கண்ணில் திருட்டு முழி.

"இன்னாடா, வெத்தல பாக்கா அடக்கிகினு கீற? முழுங்கு. நாக்கு மரத்துப் பூட்டா நாளைக்கு பித்தள கத எனக்கு யாரு சொல்றது?"

சிரித்துவிட்டான். சிரித்ததில் மாத்திரை வெளியே வந்து விழுந்தது. வேறொன்று எடுத்துக்கொடுத்தேன், முழுங்கினான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேல் வரிசையில் ஒரு பல் கோணல்.

அதற்குப் பிறகு தினமும் மாத்திரை, தண்ணீர், கேள்வி. வரிசையில் நிற்கிறவர்கள், நர்ஸம்மா இவனிடம் மட்டும் என்ன கதை பேசுகிறாள் என்று முணுமுணுப்பார்கள். பேசினால்தானே இவன் முழுங்கியது தெரியும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? சோதனைக்காக ஆரம்பித்த பேச்சு, கொஞ்ச நாளில் நிஜமான பேச்சாகிவிட்டது. ஒரு நாள் நான் நைனாவைப் பற்றிக் கேட்டேன்.

"கைக்கொழந்தையா கப்பல் ஏறின நீ. அது உங்க நைனா கொரல்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும்? பட்டறைக்கு முன்னயே வூட்ல கேட்ட கொரல அம்மாகிட்ட சொன்னேன். அம்மாதான் அது நைனான்னுச்சி." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா அம்மாகிட்ட நல்லத மட்டும்தான் சொல்லுவேன். மீதிய சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத நர்ஸம்மா."

மீதி என்ன என்றேன். தண்ணீரில் இறங்கி வா என்று அந்தக் குரல் சொல்கிறதாம். வராவிட்டால் திட்டுகிறதாம்.  டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும், அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நாள் நீயே சொல்லவேண்டியிருக்கும் என்றேன். அவன் எழுந்து போய்விட்டான்.

மாத்திரை மெல்ல வேலை செய்தது. குரல் தெருக்கோடிக்குப் போய்விட்டது என்றான். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, கதவு சாத்தின வீட்டுக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, வார்த்தை புரியவில்லை என்றான். வாய் காய்கிறது, பகலிலும் தூக்கம் வருகிறது என்று புகார் சொன்னான். ஆனால் கண் தெளிந்துவிட்டது. எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசினான். பட்டறை முதலாளிகூட, சரி, கொஞ்ச நாள் போகட்டும், வரச் சொல் என்று இறங்கி வந்திருந்தார்.

அப்போதுதான் அவன் வருவதை நிறுத்தினான்.

5. சாயங்காலச் சங்கு

முதல் நாள் மழை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வேலாயுதம் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த நாள் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டுக்கே போனேன்.

குடிசைக்கு முன்னால் அவன் செருப்பு இருந்தது. ஒரு ஜோடி, வார் வாராகச் சேர்த்து, தெருவைப் பார்த்த மாதிரி அழகாக வைத்திருந்தது.  வேலாயுதம் கைவண்டியோடு வந்து நின்ற அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

உள்ளே கன்னியம்மா சுவரோரம் உட்கார்ந்து, குடோனிலிருந்து கொண்டுவந்த கோணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். பையன் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பல் சங்கு கேட்டது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். கன்னியம்மா கோணி ஊசியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாமி கும்பிடப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்றாருடா?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "கன்னி நல்லா கீறாளான்னாரு," என்றான்.

"நல்லா கீறேன்னு சொல்லு," என்றாள் அவள், அவனிடம் இல்லை, சங்கு வந்த திசையைப் பார்த்து. எத்தனை வருஷம் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளோ பாவி. எனக்கு அவள் மேல் கோபம் வரவேண்டியது. வரவில்லை. 

அவனைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"மாத்திர போட்டா ஒன்னும் கேக்கல நர்ஸம்மா. அம்மா தெனம் கேக்குது. கொஞ்ச நாளு நானே கத கட்டி சொன்னேன். அப்புறம் கட்ட வர்ல. ஒரு நாளு, இன்னிக்கு நைனா பேசலன்னு சொல்லிட்டேன். அது மூஞ்சிய நீ பாத்திருக்கணும். சோறு துன்னல. மாமா வேற வந்து, பாத்தியா, கொரலும் பூட்ச்சி, இனிமே காரியத்த பண்ணிரலாம்னு சொல்றாரு. நைனா பேசலன்னா அம்மா பொட்ட அழிச்சிருவாங்கோ."

"அத்தொட்டு மாத்திரய வுட்டுட்ட."

"ஆமா."

"இப்போ கேக்குதா?"

ஆமென்று தலையை ஆட்டினான். கண் வாசலில் இருந்த செருப்பு மேல் போனது.

தாய்க்காகக் குரலை வைத்துக்கொண்டிருக்கிறான் பையன். அந்தக் குரலோ அவனைத் தண்ணீருக்குக் கூப்பிடுகிறது. அவளுக்கு அது தெரியாது, அவனுக்கு அதைச் சொல்ல மனசில்லை. நான் சொல்லக்கூடாது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"கன்னியம்மா, இன்னா சொல்றாருன்னு தெனம் கேக்கற இல்ல? இன்னிக்கு இன்னும் ஒண்ணு கேளு. வேற இன்னா சொல்றாருன்னு கேளு."

அவளுக்குப் புரியவில்லை. என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"வேற இன்னாடா சொல்றாரு?"

அவன் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எறங்கி வாடான்றாரு. கப்பல் உனுக்கோசரம் நிக்காது, நீதான் தண்ணில நடந்து வரணும்ன்றாரு. வரலன்னா நீ என் புள்ளயே இல்லன்றாரு. திட்றாரும்மா. ரொம்ப கெட்ட வார்த்தையில திட்றாரு."

 விளக்கு ஏற்றுகிற நேரம் தாண்டி வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுத்த நெடி வந்து எங்கள் மூன்று பேருக்கும் இருமல் வந்தது. இருமி முடித்துக் கன்னியம்மா சொன்னாள்.

"அது உங்க நைனா இல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் உன்கிட்ட பாதிதான் சொல்லிகிறேன். அடுத்த கப்பல்ல வரேன்னு சொன்னாரு இல்ல, அது மொதல்ல சொன்னது. கப்பல் நவுர்றப்ப கரையோரமா கூடவே ஓடியாந்தாரு. தன் துண்டால உன்ன என் வயித்தோட கட்டி வுட்டிருந்தாரு. ஓடிகினே கத்தனாரு. கன்னி, ஓரத்துல குந்தாத, நடுவுல குந்து, புள்ளய தண்ணியாண்ட வுட்றாத, தண்ணியாண்ட வுட்றாதன்னு. அதான்டா அவரு கடைசியா பேசனது. அந்த மனுசன் உன்ன தண்ணில எறங்கச் சொல்லுவாரா?"

"அப்ப நைனா எங்க?"

"தெரியாது," என்றாள் கன்னியம்மா. அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்று வேலாயுதம் பின்னால் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கோணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் நிறைய அழுகை பார்த்தவள். அது பழைய அழுகை, அந்த ரங்கூன் கரையிலேயே அழுதிருக்கவேண்டியது.

பையன் பயந்துபோய் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். "அப்ப உன் பொட்டு?" என்றான்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டு அவனை முறைத்தாள்.

"பொட்டு என் நெத்தியில கீது. உன் காதுலயா கீது? அவரு வந்தாலும் வராங்காட்டியும் நான் வெச்சிகினுதான் இருப்பேன். எவன் வந்து அழிக்கறான்னு பாக்கறேன். நீ அத்த தூக்கிகினு திரியாத."

நான் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். கன்னியம்மா கையை நீட்டினாள். மாத்திரையைத் தன் உள்ளங்கையில் வாங்கி அவனிடம் நீட்டினாள், சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டான். வழக்கப்படி நான் கேள்வி கேட்கப் போனேன். அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?"

அவன் சொன்னான். வாளை மீன் என்றான், மாங்காய் போடு என்றான், போன தடவை புளி ஜாஸ்தி என்றான், மாமாவுக்குக் கொடுக்காதே என்றான். நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

வெளியே வந்தபோது நான் செய்த ஒரே வேலை, அவன் செருப்பைத் திருப்பி வீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்தது.

6. இப்போது கேட்கிறவர்களுக்கு

அந்த நாளோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மாத்திரையால் வெயிலில் அவன் தோல் கருகியது, கை நடுங்கியது, டாக்டர் அளவைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நடுவில் ஒரு தடவை விட்டுப் பார்த்தான், குரல் திரும்ப வந்தது, அவனே ஓடிவந்து டப்பாவைக் கேட்டான். கீழ்ப்பாக்கத்துக்கு மாதாமாதம் போய்வந்தான், உள்ளே சேர்க்கவேண்டிய தேவை வரவில்லை. பிறகு திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் வேலை கிடைத்தது. வேலாயுதம் கருமாதிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

மருந்து வேண்டாம் என்கிறவனை மிரட்டாதீர்கள், சோற்றில் மறைத்து வைக்காதீர்கள் என்று இப்போது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் என் அனுபவத்தில் ஒன்றுதான் சேர்ப்பேன். அந்த மருந்தைச் சாப்பிட்டால் எது போய்விடும் என்று அவன் பயப்படுகிறான் என்று கேளுங்கள். அது அவனுடையதாக இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் இன்னொருத்தருடையதை அவன் சுமந்துகொண்டிருப்பான். அந்த ஆளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

நான் டிஸ்பென்சரி வேலையை விட்ட சமயம், சொல்லிக்கொண்டு வரலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் நன்றாக மீசை வைத்து ஆளாகியிருந்தான். பட்டறையிலிருந்து வந்து, கை கழுவி, மாடத்திலிருந்த டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து அவனாகவே போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். கன்னியம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பொட்டு மட்டும் அதே அளவு, அதே சிவப்பு. எனக்கும் ஒரு தட்டு போட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் கப்பல் சங்கு ஊதியது. அவன் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை, மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. முகம் துறைமுகத்துப் பக்கம் திரும்பியது. அவன் முள்ளைத் தட்டோரம் வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். கேலி இல்லை, பயமும் இல்லை. சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"இன்னா சொல்றாரும்மா?"

"சோறு ஆறுதாம். உன்ன துன்னச் சொல்றாரு," என்றாள் கன்னியம்மா.

அவன் குனிந்து சாப்பிட்டான்.